மத்தேயுவின் கையில் மாற்கு

சுவிசேஷங்களை எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பல இடங்களில் ஒரே சொற்களில் எழுதியிருக்கிறார்களே, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் பதில். முதலில் எழுதியவர் மாற்கு, கி.பி. 70ஐ ஒட்டி. அவருடைய 661 வசனங்களில் சுமார் 600 வசனங்களின் சரக்கு மத்தேயுவில் இருக்கிறது. லூக்காவோ தமக்கு முன்பே பலர் எழுதியிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

மாற்குவிலிருந்து எடுத்தவர்கள் திருத்தவும் செய்தார்கள். சொந்த ஊரில் இயேசுவால் அற்புதம் செய்யக் கூடவில்லை, சில நோயாளிகளை மட்டும் குணமாக்கினார் என்கிறார் மாற்கு. மத்தேயுவுக்கு அந்தக் 'கூடவில்லை' உறுத்தியிருக்க வேண்டும். அதிகம் செய்யவில்லை என்று மாற்றிவிட்டார். மாற்கு சொல்லும் இன்னொரு கதையில், பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவர் ஒரே தடவையில் குணமாகாமல், முதலில் மனிதர்களை மரங்களாகக் கண்டு, பிறகுதான் தெளிவாகப் பார்த்தார். இந்தக் கதையை மத்தேயுவும் லூக்காவும் தொடவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது யோவான் ஸ்நானகன் கொலையுண்ட கதை. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா ராஜா அல்ல. ரோம் அவனுக்குக் கொடுத்தது காற்பங்கு தேசாதிபதிப் பட்டம்தான். மாற்கு தாராளமாக ராஜா என்றே எழுதுகிறார். மத்தேயு 14ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அதைச் சரிசெய்கிறார். எட்டு வசனம் தாண்டியதும் அவர் பேனாவிலும் ராஜா வந்துவிடுகிறான்! அதோடு போகவில்லை. மாற்குவின் கதையில் யோவானைக் கொல்லத் துடிப்பவள் ஏரோதின் மனைவி ஏரோதியாள். ஏரோது அவரைக் காப்பாற்றி வைத்திருந்தவன், அதனால் யோவானின் தலையைக் கேட்டதும் துக்கப்படுகிறான். மத்தேயுவிலோ கொல்ல விரும்பியவனே ஏரோது. அவனும் துக்கப்படுகிறான். ஏன்?

எங்கள் சங்கத்து ஆண்டறிக்கை நினைவுக்கு வருகிறது. பழைய அறிக்கையைப் பார்த்து எழுதுபவர் முதல் பக்கத்தில் புதிய செயலாளரின் பெயரைப் போட்டுவிடுவார். நாலாம் பக்கத்தில் பழையவரே நன்றி கூறிக்கொண்டிருப்பார். மத்தேயுவும் அப்படித்தான்: தொடக்கத்தில் மாற்றிவிட்டு, போகப்போக மாற்குவுக்கே திரும்பிவிடுகிறார். இந்த வழுக்கலுக்கு 'திருத்துவோர் களைப்பு' என்று பெயர் சொல்லி 1998இல் கட்டுரை எழுதினார் ஆய்வாளர் மார்க் குட்ஏக்கர்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார் என்றதும் 'காப்பி' என்று கைகொட்டுகிறவர்களும் உண்டு, வேதநிந்தனை என்று பதறுகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் முன்னவர் எழுத்தை எடுத்தாள்வது திருட்டல்ல. நாம்தான் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகக் குழைத்து, மேய்ப்பரையும் சாஸ்திரிகளையும் ஒரே குடிலில் நிறுத்திப் பழகிவிட்டோம். லூக்காவில் சாஸ்திரிகள் இல்லை, மத்தேயுவில் மேய்ப்பர் இல்லை. வீட்டில் வேதாகமம் இருந்தால் மாற்கு 6ஐயும் மத்தேயு 14ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.