பெற்றோர் விட்டுச் சென்ற வீடு: என்ன செய்வது?



தஞ்சோங் டாவாய், செமிலிங், மெர்போக், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று இந்த வட்டாரத்தில் வாழும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு, வீடு என்பது பரம்பரைச் சொத்தாக வந்து சேர்வது புதிய அனுபவம். நம் பாட்டன் பாட்டிமார் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை தலைக்குமேல் கூரை. வேலை போனால் மூட்டை முடிச்சுடன் வெளியேற வேண்டியதுதான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் கதி நேர்ந்தது. அதைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் என்பது நமக்குப் பெருமை.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் சேமநிதிப் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் தாலிக்கொடி அடகையும் சேர்த்து மலிவு விலை வீடோ, தாமானில் ஒரு வரிசை வீடோ, ஒரு துண்டு நிலத்தில் பலகை வீடோ தேடிக்கொண்டார்கள். அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து பந்தல் பிரித்தவுடன் பிள்ளைகளிடையே எழும் கேள்வி ஒன்றே: வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா, யாராவது ஒருவர் குடியிருப்பதா?

ஆலய நிர்வாகத்தில் இருப்பவன், பழைய வாத்தியார் என்பதால் பலர் என்னிடம் இதைப் பற்றிப் பேசுவதுண்டு. எல்லோருமே இந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. நிலப் பட்டாவில், நாம் 'கெரான்' என்று சொல்லும் பத்திரத்தில், யார் பெயர் உள்ளது? இறந்தவர் பெயர் அங்கே இருக்கும்வரை அந்த வீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, தானமாக எழுதவோ பிள்ளைகளில் எவருக்கும் முடியாது. மூத்த மகன் என்றாலும் முடியாது. மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்து வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முடியாது. ஆதலால் பெயர் மாற்றம் முதலில், மற்றத் தீர்மானங்கள் பிறகு.

'அவசரம் என்ன, வீடு எங்கே ஓடிப்போகிறது?' என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா உயில் எழுதாமல் காலமானார்; அவருடைய பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டனர்; மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டை நான்கு பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள, ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. ஆக ஐந்து பேர். பிறகு அம்மாவும் மறைந்தால், அவர் பங்கு பிள்ளைகளுக்கே வந்து ஆளுக்குக் காலே காலாகும். இதுவரை சுலபம். பெயர் மாற்றாமல் பத்து ஆண்டு போகிறது. மூத்த மகன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு இறக்கிறார். அவருடைய கால் பங்கில் மனைவிக்குப் பன்னிரண்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பதினெட்டில் ஒன்று. அடுத்து ஒரு மகள், கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுப் போகிறார். அந்த மூவருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. இப்போது ஒரே வீட்டுக்கு ஒன்பது உரிமையாளர்கள். அதில் ஒருவர் பள்ளி மாணவர், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேராக இருந்தபோது ஒரு சாயங்காலம் பேசி முடித்திருக்கக்கூடிய காரியம் இது. மேலும், 1969க்குப் பிறகு வேலை அனுமதிப் பிரச்சினையால் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய உடன்பிறப்புகள் நம் குடும்பங்களில் உண்டு. கடிதம் நின்றுபோனதால் அவர்கள் பங்கு நின்றுபோய்விடாது.

பெண்பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. 'சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அவளுக்கு வீட்டில் என்ன இருக்கிறது' என்று பேசும் அண்ணன்மார் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகனுக்கும் மகளுக்கும், மணமானாலும் ஆகாவிட்டாலும், சம பங்கு. 1997இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, கணவன் மனைவி இருவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். இறந்தவருடைய தாய் தந்தை உயிரோடிருந்தால் அவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு. அப்போது மனைவிக்கு நாலில் ஒன்றும் பிள்ளைகளுக்குப் பாதியும் வரும். முதியோர் பங்கை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் வேதனையான இரண்டு விஷயங்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்டவர்கள் நம்மிடையே உண்டு. முப்பது ஆண்டு குடும்பம் நடத்திய பெண்மணி, கணவர் போன பிறகு நில அலுவலகத்தில் மனைவி என்று நிரூபிக்க முடியாமல் நிற்க நேரிடுகிறது. பிள்ளைகளின் உரிமையும் அதனால் கேள்விக்குள்ளாகிறது. அதேபோல், எடுத்து வளர்த்த பிள்ளை. நீதிமன்றத்தின் வழியாகத் தத்தெடுத்திருந்தால் சொந்தப் பிள்ளைக்குள்ள உரிமை உண்டு. தேசியப் பதிவு இலாகாவில் வளர்ப்புப் பிள்ளை என்று பதிந்தது மட்டும் வாரிசு உரிமை தராது. இப்படிப்பட்ட குடும்பங்களில் உயில் எழுதுவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

சரி, பெயர் மாற்றுவது எப்படி? உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு வழக்கறிஞர் தேவை. உயில் இல்லாமல், நிலமோ வீடோ அடங்கிய சொத்தாக இருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அதிகாரியிடமே மனுச் செய்யலாம். 'சிறு சொத்து' என்ற சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம். 2024 ஜூலை 15 முதல் அதன் வரம்பு இருபது இலட்சம் ரிங்கிட்டிலிருந்து ஐம்பது இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நம் வட்டாரத்து வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். 'போராங் ஏ' என்னும் பாரத்தைப் பூர்த்தி செய்து, இறப்புச் சான்றிதழ், பட்டாவின் நகல், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல்கள் ஆகியவற்றுடன் கொடுத்தால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். அன்று வாரிசுகள் வர வேண்டும். வர முடியாதவர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால், ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதையும் அந்த விசாரணையிலேயே பதிவு செய்துகொள்ளலாம். வழக்கறிஞர் இல்லாமலே பலர் இதை முடித்திருக்கிறார்கள்.

இறந்தவர் சொத்துக்கு வரி கட்ட வேண்டுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மரண வரி 1991 நவம்பர் 1ஆம் தேதியோடு நீக்கப்பட்டுவிட்டது. வரி இல்லாததால் யாரும் வந்து கதவைத் தட்டி அவசரப்படுத்துவதில்லை. நாமும் தள்ளிப்போட அதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது. ஆண்டுதோறும் வரும் நிலவரியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. பாக்கி விழுந்தால் '6ஏ' அறிவிப்பு வரும். இறந்தவர் பெயருக்கு, யாரும் குடியில்லாத வீட்டுக்கு வரும் அறிவிப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று மாதத்திற்குள் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்குப் போய்ச் சேரலாம்.

வீடு எந்த வகை நிலத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலகை வீடுகள் பல, 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் உள்ளவை. அந்த உரிமம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. அதைப் பெற்றவர் இறந்தால் அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பங்கு பிரிக்கச் சண்டை போடுவதில் பயனில்லை. குடியிருக்கும் பிள்ளை உடனே தம் பெயரில் புதிதாக மனுச் செய்வதே வழி. மலிவு விலை வீடுகளில், மாநில அரசின் அனுமதியின்றி விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பட்டாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வங்கிக் கடனைக் கட்டி முடித்தும் அடமானத்தை நீக்கிப் பதியாமல் விட்ட வீடுகளும் ஏராளம்.

படித்தவர், பணக்காரர் வீட்டில் இந்தச் சிக்கல் வராது என்று எண்ண வேண்டாம். தமிழக முதல்வராயிருந்த செல்வி ஜெயலலிதா அவர்கள் 2016 டிசம்பர் 5ஆம் தேதி உயில் எழுதாமல் மறைந்தார். சென்னை போயஸ் தோட்டத்தில் அவருடைய தாயார் சந்தியா வாங்கிய 'வேதா நிலையம்' யாருக்கு என்பது வழக்கானது. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் வாரிசுகள் என்று 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் தமிழக அரசு நினைவில்லம் அமைக்க அவ்வீட்டைக் கையகப்படுத்தி, ஏறக்குறைய 68 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டியது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அதை இரத்து செய்தது. சாவி தீபாவின் கைக்கு வந்தது 2021 டிசம்பர் 10ஆம் தேதி. ஐந்து ஆண்டுகள்! நாட்டையே ஆண்ட அம்மையாரின் ஒரு தாள் உயில் இருந்திருந்தால் எத்தனையோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

வீட்டை யாருக்கும் பிரிக்காமல் பொதுவாகவே வைத்துக்கொள்வோம் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. தீபாவளிக்கும் அப்பா அம்மா திதிக்கும் எல்லோரும் கூட ஓர் இடம் வேண்டும் என்பார்கள். நல்ல எண்ணம்தான். இதற்குச் செட்டிநாட்டைப் பார்க்க வேண்டும். மலாயாவிலும் பர்மாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்டு கட்டிய அரண்மனை போன்ற வீடுகள் அங்கே நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் பல புள்ளிகளுக்குப் பாத்தியதை. கல்யாணமும் சாந்தியும் அங்கேதான் நடக்கும். பங்காளிகள் பல நாடுகளுக்குப் பரவிய பிறகு, ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது என்பதிலேயே ஒற்றுமை குலைந்து, பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. தப்பித்த வீடுகளில் சில, கானாடுகாத்தான் 'விசாலம்' போல, தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. அரண்மனைக்கே இந்தக் கதியென்றால், உப்புக் காற்றில் தகரம் துருப்பிடித்து, பலகையைக் கறையான் அரிக்கும் நம் கடலோர வீடு எத்தனை நாள் தாங்கும்? பொது வீடாகத்தான் வைப்போம் என்போர், பராமரிப்புப் பணம் ஆளுக்கு எவ்வளவு, பொறுப்பாளர் யார், ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை எந்த விலைக்கு வாங்குவது என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.

என் மனத்தை அதிகம் உறுத்துவது, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிள்ளையின் நிலை. மணமாகாத மகளோ கடைசி மகனோ, வேலையை விட்டு, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்து, அம்மாவின் படுக்கையருகே பத்து ஆண்டு கழித்திருப்பார். சட்டத்தின் பங்கீட்டில் அதற்குத் தனிக் கணக்கு கிடையாது. வீட்டை விற்றுப் பிரித்தால் மற்றவர்களுக்குக் கார் வாங்கப் பணம். அவருக்குக் குடியிருக்க இடமில்லை. கூடப்பிறந்தவர்கள் மனம் வைத்து விசாரணையில் விட்டுக்கொடுத்தால் உண்டு. ஆண்டில் ஒருமுறை வந்துபோனவர்கள் அந்த நேரத்தில் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது என் துணிபு. பெற்றோர் தம் கையாலேயே செய்யக்கூடியது, உயில் எழுதி வீட்டை அவருக்குக் கொடுப்பது அல்லது அவர் ஆயுள்வரை அங்கே குடியிருக்கலாம், பிறகு எல்லோருக்கும் என்று வைப்பது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும். ஆனால் சாட்சியாகக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் ஒன்றும் கிடைக்காது. உயில் எழுதிய பின் மணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாததாகிவிடும். உயிலில் மணமாகாத மகளை அடியோடு ஒதுக்கியிருந்தால், 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போகலாம். உயிலை நிறைவேற்றும் அதிகாரப் பத்திரம் வழங்கப்பட்ட ஆறு மாதத்திற்குள் கேட்க வேண்டும்.

கடைசியாக, வாரிசு இல்லாத பெரியவர்களும், பிள்ளைகள் வசதியாக இருப்பவர்களும் வீட்டைத் தர்மத்துக்கு எழுதி வைக்க முன்வருவதுண்டு. அவர்கள் ஒன்றை மட்டும் கேட்டறிந்து செய்ய வேண்டும்: பட்டா யார் பெயரில் ஏறப்போகிறது? தலைவர் பெயரிலோ செயலாளர் பெயரிலோ எழுதினால், அவர் காலமானபின் அவர் பிள்ளைகள் பெயருக்கு அது போவதைத் தடுக்க நெடிய வழக்காட வேண்டிவரும். சட்டப்படி பதிவு பெற்ற அறங்காவலர் குழுவின் பெயருக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும். எந்தக் காரியத்துக்கு என்பதையும், அன்னதானமோ, பிள்ளைகளின் படிப்போ, முதியோர் தங்குமிடமோ, பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்துச் சொல்லிவிடுவது உத்தமம். அவர்களுக்குத் தெரியாமல் வரும் தானத்தை ஏற்பதில் எந்த நிர்வாகத்துக்கும் தயக்கம் இருக்கும்.