கஞ்சா: தடையா, கட்டுப்பாடா?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்னும் விவாதம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1893-94இல் இதனை ஆராய்ந்த ஆணைக்குழு, அளவான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லையென்றும் மிகையான உபயோகமே கேடு என்றும் கருதியது. முழுத்தடைக்குப் பதிலாக உரிமமும் தீர்வையும் கொண்ட கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது.

1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றதன் தொடர்ச்சியாக, 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூ அல்லது காய்க்கும் நுனிப்பகுதியாகும். அதனின்று பிரிந்த இலையும் விதையும் இவ்வரையறைக்குள் வாரா. இதனாலேயே, இலையிலிருந்து தயாரிக்கப்படும் பாங்கு சில வட மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அனுமதி வழங்கவும் 14ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2018இல் உத்தராகண்டம் இத்தகைய சாகுபடிக்கு உரிமம் வழங்கியது.

எனவே, விவாதத்திற்குரியது போதைக்கான உபயோகம் மட்டுமே. தடை நீடித்தால் காவல், நீதிமன்றம், சிறை ஆகியவற்றின் செலவும் கள்ளச்சந்தையின் லாபமும் தொடரும். தடை நீங்கினால் தீர்வை வருவாய் கிட்டும். ஆயின் இளைஞரிடையே பழக்கம் பரவினால், அதன் மருத்துவச் செலவைச் சமுதாயமே ஏற்க நேரிடும்.

இரண்டிற்கும் இடையே ஒரு வழியைச் சட்டமே காட்டுகிறது. சிறிய அளவு கஞ்சாவுடன் பிடிபட்ட அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சையை நிறைவு செய்தால், 64அ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சை நிலையங்கள் எளிதில் எட்டும் தொலைவில் அமைந்தால்தான் இப்பிரிவு பயன் தரும்.