தரையில் விரியும் பன்னிரண்டு மாதங்கள்

இலக்கும் வழியும் – 9

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் காரியாபட்டியைச் சுற்றியுள்ள ஊர்கள் மழையை நம்பிப் பிழைப்பவை. கண்மாய் பெருகினால் நெல். இல்லாவிட்டால் மானாவாரியில் பருத்தி, சோளம், குதிரைவாலி, உளுந்து. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் திட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிச்சயமில்லாத வருமானம் உள்ளவருக்குத்தான் திட்டம் அதிகம் தேவை என்பதே என் பதில். மாதச் சம்பளக்காரர் ஒரு மாதம் தப்புக்கணக்குப் போட்டால் அடுத்த மாதம் சரிசெய்துகொள்வார். மானாவாரி விவசாயிக்கு ஒரு பட்டம் தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

இலக்கை மனத்தில் வைத்திருப்பதற்கும் எழுதி வைப்பதற்கும் உள்ள தூரத்தைக் கடந்த வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு அடுத்த படி: வரைவது. அதை இந்த மாவட்டத்துக் கிராமங்களே முப்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்து பார்த்திருக்கின்றன.

குச்சி கை மாறியது

1980களின் இறுதிவரை ஒரு கிராமத்துக்கு எது தேவை என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. வெளியிலிருந்து ஒருவர் நீளமான கேள்வித்தாளோடு வருவார். கேட்பார், எழுதிக்கொள்வார், போய்விடுவார். எழுதியது என்ன என்று ஊருக்குத் தெரியாது.

அந்த முறையை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ். 1989 முதல் 1991 வரை அவர் ஹைதராபாத்தில் தங்கி வேலை செய்தார். கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகளின் களப்பணியாளர்கள் அந்த ஆண்டுகளில் செய்தது எளிமையானது. கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட்டு, குச்சியை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தார்கள். “நீங்களே வரையுங்கள்” என்றார்கள். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று அதற்குப் பெயர். களத்தில் எல்லோரும் பி.ஆர்.ஏ. என்றே சொல்வார்கள்.

அன்று காமராஜர் மாவட்டம் என்று பெயர் கொண்டிருந்த இந்த விருதுநகர் மாவட்டத்தில் ஆரம்ப நாட்களிலேயே அதைக் கையில் எடுத்தது, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பீச் தொண்டு நிறுவனம். ஊரக வளங்களைப் பேண இந்த முறை எப்படி உதவியது என்று அதன் பணியாளர்கள் எழுதிய கட்டுரை, லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஆர்.ஆர்.ஏ. நோட்ஸ்’ இதழில் 1991இல் வந்தது. நம் கரிசல் கிராமங்களின் தரைப்படங்கள் பிற நாடுகளின் களப்பணியாளர்களுக்கும் பாடமாயின.

விதை, கல், கோலமாவு

பி.ஆர்.ஏ.வில் பல கருவிகள் உண்டு. தெரு, வீடு, கிணறு எல்லாம் காட்டும் சமூக வரைபடம். கண்மாய், ஓடை, புறம்போக்கு காட்டும் வள வரைபடம். ஊரின் பழைய நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் காலக்கோடு. நம் தொடருக்கு மிகவும் உதவுவது பருவகால நாட்காட்டி.

அதை வரையும் முறை இதுதான். மரத்தடியிலோ கோயில் மந்தையிலோ தரையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள். கோலமாவால் பன்னிரண்டு கட்டங்கள். சித்திரை முதல் பங்குனி வரை. ஆங்கில மாதம் வேண்டியதில்லை. விதைப்பும் விசேஷமும் தமிழ் மாதத்தில்தானே ஓடுகின்றன! கட்டங்களுக்குக் கீழே ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வரிசை: மழை, வயல் வேலை, கூலி வேலை, வீட்டில் இருக்கும் தானியம், மாட்டுத் தீவனம், நோய், செலவு, கடன். எந்த மாதம் அதிகமோ அங்கே கூடுதல் கல். குறைவான மாதத்தில் ஒன்றோ இரண்டோ. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கல்லை எடுத்து வைக்கலாம். பக்கத்தில் நிற்பவர் “அது அப்படி இல்லை” என்று அந்தக் கல்லை எடுத்து அடுத்த கட்டத்தில் வைக்கலாம். வாதம் நடக்கும். அந்த வாதத்தில்தான் உண்மை வெளியே வரும்.

எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் எந்த மாதத்தைவிடக் கனம் என்பது தெரிந்தால் போதும்.

காரியாபட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டின் ஆண்டை இப்படி விரித்தால் என்ன தெரியும்? தை, மாசியில் விளைச்சல் வீடு வந்து சேர்கிறது. பருத்தி இருந்தால் பங்குனிவரை காசு நடமாடுகிறது. சித்திரை, வைகாசியில் வேலை வறண்டுவிடுகிறது. பள்ளி, கல்லூரிச் செலவு வந்து நிற்பது சரியாக அதை ஒட்டி. அதற்கு வாங்கிய கடன் அடைவதற்குள் புரட்டாசி உழவுக்கும் விதைக்கும் பணம் வேண்டும். பின்னாலேயே தீபாவளி.

வீட்டில் ஒருவர் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவராக இருந்தால் இன்னொரு வரிசை சேரும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். மழை நாளில் வெடியைக் காயவைக்க வெயில் இருக்காது. வேலை இல்லை, கூலியும் இல்லை. இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே எல்லோரும் அறிவார்கள். ஒரே தரையில் வரிசையாக வைக்கும்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று விழுவது கண்ணுக்குத் தெரிகிறது.

தெரிந்ததும் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. ஆனி மாதம் வட்டிக்கு வாங்குவது தன் கையாலாகாத்தனம் என்று ஒவ்வொரு வீடும் தனியாகக் குமைந்துகொண்டிருக்கும். கடன் வரிசையில் எல்லோர் கல்லும் அதே கட்டத்தில் குவியும்போது, அது ஊர் முழுக்கப் பொதுவான பிரச்சினை என்று புரிகிறது. பொதுவான பிரச்சினைக்குப் பொதுவான வழி உண்டு. மகளிர் குழு தை, மாசியில் சேமிப்பைக் கூட்டி, ஆனியில் கடன் கொடுக்கலாம். கண்மாய் வேலையைச் சித்திரை, வைகாசிக்குக் கேட்டு வாங்கலாம்.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே வரையச் சொல்வது இந்த முறையின் நல்ல பழக்கம். வயல் வேலை இல்லாத மாதத்தை ஆண்கள் ஓய்வு மாதம் என்று விட்டுவிடுவதுண்டு. அதே மாதத்தில் தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது என்று பெண்கள் கல்லை வைத்துக்கொண்டே போவார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு குடும்பத்தின் திட்டம் முழுமை பெறாது.

முடிவின் படமா, வழியின் படமா?

இப்போது நகரங்களில் ‘விஷன் போர்டு’ பிரபலம். வாங்க வேண்டிய வீடு, கார், போக வேண்டிய நாடு என்று படங்களை வெட்டி ஒட்டி தினமும் பார்ப்பது. ஆசையை அடையாளம் காண அது உதவும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பலன் இல்லை, சில வேளை கெடுதலும் உண்டு.

அமெரிக்காவில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தேர்வுக்கு முன்பு மாணவர்களில் ஒரு பிரிவினர் நல்ல மதிப்பெண் வாங்கியதைத் தினமும் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரமே படிக்கத் தொடங்கி நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மதிப்பெண்ணை மட்டும் கண்டவர்கள் குறைவாகப் படித்தார்கள். இனிய முடிவை மட்டும் கற்பனை செய்வது உடலின் உற்சாகத்தையே குறைத்துவிடுகிறது என்று ஹெதர் காப்பஸும் கேப்ரியேல் ஓட்டிங்கனும் 2011இல் எழுதினார்கள்.

2016இல் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு இன்னொன்றையும் உறுதிசெய்தது. இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அடிக்கடி பார்ப்பவர்கள் அதை அடையும் வாய்ப்பு அதிகம். அதை எங்காவது பதிந்து வைத்தாலும், பிறர் அறியச் சொன்னாலும் பலன் இன்னும் கூடுகிறது. மந்தைத் தரையில் எல்லோர் முன்னிலையிலும் கல் வைத்து வரைந்த படத்தில் இந்த இரண்டுமே இருந்தன.

உங்கள் வீட்டில்

ஒரு சார்ட் பேப்பர் போதும். பன்னிரண்டு மாதக் கட்டங்கள். ஐந்து வரிசைகள்: வரவு, செலவு, கடன், வேலைப்பளு, உடல்நலம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மாதங்களுக்குப் பிரித்து வையுங்கள். வாதம் ஓய்ந்த பிறகு பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் இலக்கு. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்றால் அது ஆனிக் கட்டத்தில் உட்காரும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த மாதத்தில் வரவு செலவை மிஞ்சுகிறது? மாசியிலும் பங்குனியிலும் மட்டும் என்றால் சேமிப்பு அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்க வேண்டும். மாதாமாதம் சமமாகச் சேமி என்று வங்கி விளம்பரம் சொல்வது உங்கள் படத்துக்குப் பொருந்தாது. தையல் மிஷின் வாங்குவது, போட்டித் தேர்வுக்குப் படிப்பது எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வேலைப்பளு கனமான மாதத்தில் புதிய காரியத்தைத் தொடங்கவே கூடாது.

தொழிலில்

சிவகாசி தயாரிக்கும் தினசரி காலண்டர்கள் தமிழ்நாட்டின் சுவர்களில் தொங்குகின்றன. ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அதன் பிறகு டிசம்பர்வரை ஆர்டர்கள் குவியும். டிசைன், புரூஃப், பிளேட், அச்சு, கட்டிங், பைண்டிங், பார்சல் என்று ஒவ்வொரு ஆர்டரும் பல கை மாற வேண்டும். ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பிறகு வந்தால் அந்தக் காலண்டரை யார் வாங்குவார்?

இதுபோன்ற தொழிலுக்கு ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய கான்பான் முறை பொருந்தும். ஒரு பலகையில் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சீட்டு. வேலை நகர நகரச் சீட்டும் நகரும். ஒரு பத்தியில் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று எல்லை வைப்பதுதான் இதன் உயிர். சீட்டு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் ஆள் வேண்டும் அல்லது மெஷின் பழுது. முதலாளியின் மண்டைக்குள் மட்டும் இருக்கும் கணக்கு, அவர் ஊரில் இல்லாத நாளில் யாருக்கும் உதவாது. பலகையில் இருந்தால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரும் அடுத்து என்ன என்று தெரிந்து கைவைக்கலாம்.

படம் யாரிடம் இருக்கிறது?

பி.ஆர்.ஏ. முறைக்கு ஒரு நோய் உண்டு. மக்கள் தரையில் வரைந்ததைத் தாளில் நகலெடுத்து, கோப்பில் சேர்த்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விடுவது. ஊரில் எஞ்சுவது கோலமாவுத் தடம் மட்டும். பல இடங்களில் பி.ஆர்.ஏ. வெறும் சடங்காகிப் போனது இப்படித்தான்.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இடம்பெற்றன. 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களின் முன்னேற்றத்தை மாதந்தோறும் அளந்து தரவரிசை வெளியிட்டார்கள். மாவட்டத்தின் படம் டெல்லிக்குத் தெரிவது நல்லதுதான். ஊரின் படம் ஊருக்குத் தெரிவது அதைவிட அவசியம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை மக்களின் பங்கேற்போடு தயாரிக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஆகவே வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் வீட்டின் பன்னிரண்டு மாதங்களை வரைந்து எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் முன் உட்கார்ந்து திருத்துங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் பத்து வீடுகளாகச் சேர்ந்து ஊரின் பருவகால நாட்காட்டியை வரைந்து, அடுத்த கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். நகலை அதிகாரிகளிடம் கொடுங்கள். அசல் ஊரிலேயே இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: போட்ட திட்டம் பாதியில் நின்றால்...)