அப்பா பெயர் சொன்ன மீன்கள்

ஆண்டு இறுதி விடுமுறையின் கடைசி நாள் எங்கள் வீட்டில் ஒரே மாதிரிதான் கழியும். காலையில் புதுப் பாடப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு முடிக்க வேண்டும். மதியச் சாப்பாடு ஆனதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க, மீன் பாத்துட்டு வருவோம்" என்பார். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறந்துவிடும். அதனால் நாங்கள் மீன் பார்க்கப் போவது அநேகமாகப் புத்தாண்டு அன்றுதான்.

1970 ஜனவரி 1 இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மறுநாள் எனக்குத் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு தொடங்குகிறது. பேருந்திலிருந்து இறங்கினால் ரிவர் வேலி ரோடு. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் வான் கிளீஃப் மீன்காட்சியகம். அந்தப் பெயருக்கு உரியவர், சிங்கப்பூரில் தொழில் செய்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு டச்சு வணிகர். தம் சொத்தை இந்த நகரத்துக்கே எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் மீன்காட்சியகம் கட்டுவதென்று முடிவானது. இடையில் போர் வந்து வேலை தள்ளிப்போக, 1955 செப்டம்பரில்தான் கதவு திறந்தது.

உள்ளே நுழைந்தால் வெளிச்சம் குறைந்த நடை. இருபுறச் சுவரிலும் சன்னல் பதித்தாற்போல் ஒளிரும் தொட்டிகள். அப்பா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்தவர். ரஜுலா கப்பலில் வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தொட்டிக்கு மேலிருந்த பலகையில் ஆங்கிலப் பெயர் இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் மீனை வாசிப்பார். "இது கொடுவா. இது களவா. அங்க மணல்ல படுத்திருக்கு பாரு, அது திருக்கை. வாலுகிட்ட மட்டும் போயிடக் கூடாது."

ஒரு தொட்டியில் பாறை இடுக்கிலிருந்து ஓர் அஞ்சாளை தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. பல் தெரிந்தது. நான் பயந்து பின்வாங்கினேன். அப்பா என்னைத் தூக்கிக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "கடிக்க வரலம்மா. அது அப்படித்தான் மூச்சு விடும்." தண்ணீரை வாய்வழியே இழுத்துச் செவுள் வழியே தள்ளுகிறது, அவ்வளவுதான். நன்றாகத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று அன்றுதான் கற்றேன். மறுநாள் புது வகுப்பில் போய் உட்காரும்போதும் அது உதவியது.

அன்று அந்த நடையில் நின்ற எல்லாருக்கும் அந்த மீன்கள் அறிமுகமானவை. நாங்கள் கொடுவா என்றதை எங்களுக்குப் பக்கத்தில் நின்ற மலாய்க் குடும்பம் சியாக்காப் என்றது. காலையில் சந்தையில் பனிக்கட்டி மேல் கிடந்ததை மாலையில் உயிரோடு பார்க்கிறோம் என்பதில் எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. எப்படிக் குழம்பு வைப்பது, எதைப் பொரிப்பது என்றுதான் பேச்சு ஓடும். அங்கிருந்து நடந்தே டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய், எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வீடு திரும்புவோம். விடுமுறை அத்தோடு முடிந்தது.

பிறகு காலம் மாறியது. 1991 மே மாதம் செந்தோசாத் தீவில் அண்டர்வாட்டர் வேர்ல்ட் திறந்தது. வான் கிளீஃபுக்குக் கூட்டம் குறைந்தது. கை மாறி, பெயர் மாறி, 1996இல் மூடி, 1998இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் குன்றின் அந்தப் பச்சைச் சரிவைப் பார்க்கிறேன். அங்கே கடல் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

1999ஆம் ஆண்டு விடுமுறை முடியும் தறுவாயில், என் மகனையும் வயதான அப்பாவையும் கூட்டிக்கொண்டு செந்தோசா போனேன். 83 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை. நாம் நின்றால் போதும், தரையே நகர்த்திக்கொண்டு போகும். சுறா தலைக்கு மேலே நீந்தியது. அப்பா அண்ணாந்து பார்த்தபடியே வந்தார், பேசவில்லை. கடற்பசு இருந்த தொட்டிக்கு முன்னால்தான் அவர் குரல் வந்தது: "ஆவுளியா!"

அதன் பெயர் கிரேசி. 1998இல் உபின் தீவுப் பக்கம் மீன்வலையில் சிக்கி, மீட்கப்பட்ட குட்டி. பலகையில் இருந்ததை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். சிறு வயதில் ஊர்க் கரையில் ஒதுங்கிய ஓர் ஆவுளியாவைப் பார்த்திருக்கிறாராம். புல்லை மேய்ந்துகொண்டிருந்த கிரேசியை வெகுநேரம் பார்த்தார். "வலைக்குத் தெரியுமா, எது மீனு, எது பிள்ளைன்னு" என்றார். வலையோடு வளர்ந்த மனிதர் அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மீன்காட்சியகத்தில் அவர் சமையலைப் பற்றிப் பேசாத முதல் நாள் அது. கிரேசி 2014இல் இறந்தது. 2016 ஜூனில் அந்த இடமும் மூடப்பட்டது. அதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

இந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பேத்தியைக் கூட்டிப் போனேன். மறுநாள் அவளுக்குத் தொடக்கநிலை ஒன்று. 2012இல் செந்தோசாவில் திறந்த காட்சியகம், 2025 ஜூலையில் மூன்று மடங்கு பெரிதாகி சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் மறுபடி திறந்திருக்கிறது. அங்கே ஒரு சன்னல் இருக்கிறது: 36 மீட்டர் அகலம், 8 மீட்டருக்கும் அதிக உயரம். பழைய காலத்துக் கண்ணாடியில் இது நடக்காது. தடிமன் ஏற ஏறப் பச்சை நிறம் தட்டிவிடும். அக்ரிலிக் பலகைகளை ஒட்டுத் தெரியாமல் இணைக்கலாம், தடிமன் ஏறினாலும் தெளிவு அவ்வளவாகக் கெடாது. அதனால்தான் ஒரு கடலே எதிரில் நிற்பதுபோல் இருக்கிறது. அன்று எங்கள் வீட்டுச் சன்னல் அளவுத் தொட்டிகளைப் பார்த்தவளுக்கு, இது மலைப்பாக இருந்தது.

அன்றைய பலகை மீனின் பெயரைச் சொன்னது. இன்றைய பலகைகள் அது வாழும் இடத்தையும், அதற்கு வந்திருக்கும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஏனென்றால் கண்ணாடிக்கு வெளியே இருந்த எங்கள் கடல் விலகிப் போய்விட்டது. நிலத்தை மீட்டு மீட்டு, 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த இந்தத் தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. எங்களுக்கு வீடு தந்த மண் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பவளப்பாறைகளில் பாதிக்கு மேல் அதில் புதைந்தன. மிஞ்சியவற்றில் இன்றும் 250க்கும் மேற்பட்ட வகைக் கற்பவளங்கள் வாழ்கின்றன. 2024 டிசம்பரில், ஒரு லட்சம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டத்தை இங்கே தொடங்கியிருக்கிறார்கள். தமிழகத்திலும் 2022இல், அப்பாவின் ஊருக்குத் தெற்கே பாக் விரிகுடாவில், ஆவுளியாவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள். அப்பா இருந்திருந்தால் இரண்டு செய்தியையும் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

காட்சியகம் இத்தனை வளர்ந்தும் ஒன்று மட்டும் குறைந்திருப்பதை அந்தப் பெரிய சன்னலுக்கு முன்னால் உணர்ந்தேன். சுற்றிலும் இருந்த பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள்; ஆனால் ஒரு மீனையும் வீட்டில் புழங்கும் பெயரால் அழைக்கவில்லை. சந்தையில் முழு மீனைப் பார்க்காமல், துண்டு போட்டு உறையிட்டதையே பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்போது கறுத்த போர்வை விரித்ததுபோல் ஒன்று மிதந்து வந்தது.

"மாண்டா ரே, பாட்டி" என்றாள் பேத்தி.

"ஆமாம். நம்ம ஊர்ல அதுக்கு ஆனைத்திருக்கைன்னு பேரு."

"ஏன் ஆனை?"

"முகத்தைப் பாரு."

வாயின் இருபுறமும் இரண்டு மடல்கள். இரையைத் தண்ணீரோடு வாய்க்குள் சேர்த்துத் தள்ளுவதற்காக அவை விரியும், மற்ற நேரத்தில் சுருண்டுகொள்ளும். அடுத்த சுற்றில் அது எங்கள் அருகில் வந்தபோது, ஒரு மடல் சுருளிலிருந்து மெல்ல அவிழ்ந்தது. அவள் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தும்பிக்கை!" என்றாள்.

மாலையில் டேங்க் ரோடு கோயில். இரவு புத்தகங்களுக்கு அட்டை. இப்போது பழுப்புத்தாள் இல்லை, பிளாஸ்டிக் உறை. பெயர்ச்சீட்டு ஒட்டும்போது, அஞ்சாளை எப்படி மூச்சு விடும் என்று அவளுக்கு வாயைத் திறந்து மூடிக் காட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் தேக்கா சந்தைக்குப் போனோம். மீன்கடையில் பனிக்கட்டி மேல் வரிசையாகக் கிடந்தவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்று, கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, இது திருக்கைதானே?" என்று கேட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதைத் தூக்கி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.