5000-க்கு 1: கணிப்பா, விலையா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்கள் எல்லோருமே ஜோசியர்கள்தான். எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும், யார் அதிக கோல் போடுவார், எந்தப் பயிற்சியாளரின் சீட்டு முதலில் கிழியும் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். மே மாதம் ஆட்டங்கள் முடிந்ததும் அதே பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, "சொன்னேன் பார்த்தியா" என்று மார்தட்டுவதும், தலையில் அடித்துக்கொள்வதும் நடக்கும். இந்தத் திரும்பிப் பார்க்கிற வேலையை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லெஸ்டர் சிட்டி ரசிகர் ஒருவர் 2015 ஆகஸ்டில் போட்ட பட்டியல் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரசிகர் கற்பனை, ஆட்டக் கணக்கெல்லாம் நிஜம்.

பிரீமியர் லீகில் 20 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். 2014-15 சீசனில் 29 ஆட்டம் முடிந்தபோது லெஸ்டரிடம் இருந்தது 19 புள்ளி, கடைசி இடம். பிறகு என்ன புகுந்ததோ, மிச்சமிருந்த 9 ஆட்டங்களில் 7 வெற்றி, 1 சமன். 41 புள்ளியோடு 14-ஆம் இடத்துக்கு வந்து தலை தப்பினார்கள். ஆனால் அந்தக் கோடையிலேயே பயிற்சியாளர் நைஜல் பியர்சன் நீக்கப்பட்டு, கிளாடியோ ரனியேரி வந்தார். அதற்கு முன் அவர் பார்த்த வேலை கிரீஸ் தேசிய அணியில். குட்டி பரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். லெஸ்டர் மண்ணின் மைந்தரான கேரி லினேக்கரே "ரனியேரியா, நிஜமாகவா?" என்ற தொனியில் வியந்தார். ரனியேரியும் 40 புள்ளிதான் இலக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் ரசிகர் என்ன எழுதுவார்? "40 புள்ளி, 16 அல்லது 17-ஆம் இடம், தப்பித்தால் போதும்."

நடந்தது ஊரறிந்த கதை. 23 வெற்றி, 12 சமன், 3 தோல்வி. 81 புள்ளி. இரண்டாவதாக வந்த ஆர்சனலைவிட 10 புள்ளி கூடுதலாக எடுத்து லெஸ்டர் சாம்பியன்.

இங்கேதான் எல்லோரும் ஒரு இடத்தில் வழுக்குகிறோம். சீசன் தொடங்குமுன் லெஸ்டர் பட்டம் வெல்வதற்குப் பந்தய நிறுவனங்கள் 5000-க்கு 1 என்று கொடுத்தன. அதாவது 1 பவுண்டு கட்டினால் 5000 பவுண்டு. இதை உலகமே "5000-இல் ஒரு வாய்ப்பு என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள், அந்த ஒன்று நடந்துவிட்டது" என்று படித்தது. இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது கணக்கு இல்லை, விலை.

விலை எப்படி வைக்கப்படுகிறது? செல்சி, மான்செஸ்டர் சிட்டி மாதிரி அணிகளின் மேல் பணம் கொட்டும். அங்கே எண்ணைத் தப்பாக வைத்தால் நிறுவனத்துக்கு உடனே அடி விழும். ஆகவே நாளுக்கு நாள் திருத்துவார்கள். லெஸ்டர் மேல் கட்ட ஆளே இல்லை. பாத்திரக்கடையின் பின்பக்கப் பரணில் யாரும் கேட்காமல் கிடக்கும் அண்டாவுக்குக் கடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்வதில்லையா, அந்த ரகம். கேட்க ஆள் இல்லாத வரை 1000 என்றாலும் 5000 என்றாலும் அவருக்கு ஒன்றுதான். கேட்க ஆள் வந்தபோதுதான் வினை. பல மில்லியன் பவுண்டு கைவிட்டுப் போயிற்று. சுவாரசியம் என்னவென்றால், பந்தயம் கட்டியிருந்த சில ரசிகர்களுக்கே நம்பிக்கை இல்லை. பாதி சீசனிலேயே கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்.

5000-இல் ஒன்று என்று நிஜமாகவே சொல்ல வேண்டுமானால் கையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். பிரீமியர் லீக் என்ற பெயரில் அதுவரை நடந்தது 23 சீசன். 1888-இல் லீக் தொடங்கியதிலிருந்து எண்ணினாலும், இரண்டு உலகப்போர் இடைவெளி போக, நூற்றுச் சொச்சம்தான். அதற்குள்ளேயே கீழ்ப் பிரிவிலிருந்து ஏறிய கையோடு பட்டம் வென்றவர்கள் உண்டு: 1961-62-இல் இப்ஸ்விச் டவுன், 1977-78-இல் நாட்டிங்ஹாம் பாரஸ்ட். இன்று பணக்கார அணிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி பெரிது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 5000 என்பது எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்த்த எண் ஆகிவிடாது.

ஆக, விலையைத் தள்ளிவைத்துவிட்டு ரசிகரின் 40 புள்ளிக்கு வருவோம். அவருக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க முடியுமா? முந்தைய சீசனின் கடைசி 9 ஆட்டங்களில் 22 புள்ளி. அதே வேகத்தில் 38 ஆட்டம் ஆடினால் கிட்டத்தட்ட 93. சாம்பியனுக்குரிய எண்! ஆனால் ஒன்பது ஆட்டம் மிகச் சின்னத் துண்டு. அதை மட்டும் வைத்து 93 என்று எழுதியிருந்தால் அது அறிவு இல்லை, ஆசை. முழு சீசனின் 41-ஐ மட்டும் பார்த்ததும் அரைக்கணக்குதான். 22-க்கும் கொஞ்சம் இடம் கொடுத்து 48, 50 என்று எழுதியிருந்தால் நானே அவர் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். பிரான்ஸின் கான் நகர அணியிலிருந்து வந்த என்கோலோ கான்டே நடுக்களத்தையே விழுங்கிவிடுவார் என்பதும், ஜேமி வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போடுவார் என்பதும் ஆகஸ்டில் யார் கண்ணுக்கும் தெரியாதவை.

கதையின் இன்னொரு பாதி லெஸ்டர் கையிலேயே இல்லை. 2013-14-இல் இதே 81 புள்ளி எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது நான்காம் இடம். அந்த சீசனில் மான்செஸ்டர் சிட்டி 86, லிவர்பூல் 84, செல்சி 82. 2015-16-இல் பெரிய அணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சறுக்கின. நடப்பு சாம்பியன் செல்சி 50 புள்ளியோடு 10-ஆம் இடம். டிசம்பரில் லெஸ்டரிடம் தோற்றதும் அதன் பயிற்சியாளர் ஹோசே மொரினியோவின் வேலையே போயிற்று. "யார் சாம்பியன்" என்பது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும், உள்ளே 20 அணிகளின் கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன.

சீசனின் நடுவில் திருத்தி எழுதினாலும் தப்பித்திருக்க முடியாது. முதல் 9 ஆட்டங்களில் லெஸ்டர் வாங்கிய கோல் 17. ஒரு ஆட்டத்தில்கூட வலையைச் சுத்தமாக வைத்திருக்கவில்லை. கோல் வாங்காமல் ஆடினால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ரனியேரி ஆசை காட்ட வேண்டியிருந்தது. அக்டோபரில் "இந்தத் தடுப்பாட்டம் தாங்காது" என்று எழுதியிருந்தால் யார் மறுப்பார்கள்? மிச்ச 29 ஆட்டங்களில் வாங்கியது வெறும் 19. மார்ச், ஏப்ரலில் தொடர்ந்து நான்கு வெற்றி, நான்கும் 1-0.

பிறகு கணிப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி? வானிலைக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. 1950-இல் கிளென் பிரையர் சொன்னது. கணிப்பைச் சதவீதமாக எழுதுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அதனாலேயே பெருக்குங்கள். "லெஸ்டர் கீழே இறங்க 40 சதவீதம்" என்று எழுதியவருக்கு 0.16 அபராதம், "நிச்சயம் இறங்கும்" என்று அடித்துச் சொன்னவருக்கு முழு 1. குறைந்த அபராதம் நல்லது. முக்கியம், ஒரே வரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது; பத்து சீசன், இருபது அணி என்று சேர்த்துப் பார்த்தால்தான் கணித்தவரின் தரம் தெரியும்.

நம் ரசிகரின் பட்டியலுக்கு அடுத்த சீசனையும் சேர்த்துக்கொடுப்போம். 2016-17-இல் லெஸ்டர் 44 புள்ளி, 12-ஆம் இடம்; பட்டம் வாங்கித் தந்த ரனியேரியை பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டார்கள். வரிசையாக வைத்தால் 41, 81, 44. அவர் எழுதிய 40 நடு எண்ணுக்கு மட்டும்தான் பொருந்தவில்லை. 2016 கோடையில் கான்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டது, புதிய பயிற்சியாளரையும் பிடித்தது. 50 புள்ளி அணி 93 புள்ளியோடு சாம்பியன் ஆயிற்று. அந்த ஆகஸ்டில் "லெஸ்டர் மறுபடியும் முதல் நான்குக்குள்" என்று எழுதியவர்களின் சீட்டுகளைத்தான் அடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே சாக்குச் சொல்ல இவ்வளவு இடம் கிடையாது.