சீட்டு இல்லாத கொட்டகை

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் சாலையில், நகரை எட்டுவதற்குச் சில கல் தொலைவுக்கு முன்னே நிற்கிறது அதியமான்கோட்டை. பெயரிலேயே வரலாறு தாங்கிய ஊர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்கு ஈந்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவன் கதைக்காகக் கட்டிவிட்ட மன்னன் அல்லன். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அவன் பெயரைச் சொல்லிச் சான்று கூறுகிறது.

நெல்லிக்கனியை மேடைதோறும் சொல்கிறோம். இன்னொரு செய்தியை ஏனோ சொல்வதில்லை. அதே அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, அதே ஒளவை அவன் வாயிலில் நின்று, வாயிற்காவலனை விளித்துச் சினந்து பாடினார். அந்தப் பாட்டும் புறநானூற்றில்தான் இருக்கிறது. கலைக்கு உரியதைக் காலத்தில் கொடு என்று கோட்டை வாசலிலேயே கேட்டது தமிழ்! கெஞ்சிக் கேட்கவில்லை, நிமிர்ந்து நின்று கேட்டது.

இன்று கோட்டையும் இல்லை, கொற்றவனும் இல்லை. கலையைப் புரப்பவர் யார்? கனவான்களா? கம்பெனிகளா? அல்ல, அல்ல! கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவிக்கும் இந்த வறண்ட சீமையின் சாதாரணக் குடியானவன்தான் புரவலன். நம்பாதவர்கள், அறுவடை முடிந்து வெயில் ஏறும் நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு வந்து பாருங்கள். ஊர்கூடிப் பாரதக் கூத்து நடத்துவதைக் காண்பீர்கள்.

பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூராரின் விருத்தங்களைப் பின்பாட்டுக்காரர் பாட, பிரசங்கியார் பொருள் விரிப்பார். இரவில் கூத்து. முகவீணை ஒலிக்கும், மத்தளம் முழங்கும், கட்டியங்காரன் கேலியோடு கதை தொடங்குவான். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை, விடியும்வரை ஆட்டம். தபசு நாளில் வேடமிட்டவர் உயர்ந்த கம்பத்தின் மீது பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம் பழங்களை வீசுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். களிமண்ணால் மலைபோல் படுக்க வைத்த துரியோதனன் வீழ்வான், திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி.

எண்ணிப் பாருங்கள். எழுத்து இருக்கிறது, இசை இருக்கிறது, நாடகம் இருக்கிறது. பக்தியும் இருக்கிறது. பக்தி உள்ளவர் பக்திக்காக வரட்டும். இல்லாதவர் தமிழுக்காக வரட்டும். எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி வில்லிபாரதத்தின் போக்கை வரிசை தவறாமல் சொல்கிறாள் என்றால், அவள் படித்த பள்ளிக்கூடம் எது? இந்தக் கொட்டகைதான்!

இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. சீட்டு இல்லை, முன்வரிசை நாற்காலிக்குத் தனி விலை இல்லை. பாயைக் கொண்டுவா, பிள்ளையைக் கூட்டிவா, உட்கார் என்பதே சட்டம். 2007-ஆம் ஆண்டு சென்னையில் பூங்காவிலும் கடற்கரையிலும் கிராமக் கலைஞர்களை அழைத்து வந்து, யாரும் காசின்றிக் காணலாம் என்று சென்னை சங்கமம் தொடங்கியபோது, நகரத்தார் வியந்தனர். வியப்பு நல்லதே. ஆனால், நகரம் அன்று புதிதாகக் கண்டதைச் சிற்றூர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறது.

இலவசம் என்கிறோமே, அதற்குச் செலவு இல்லையா? உண்டு. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில், காஞ்சிக்கு அருகே கூரத்தில், மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வைத்தான் பல்லவன் பரமேசுவரவர்மன். செப்பேடு சொல்லும் செய்தி இது. வில்லிபுத்தூராருக்கு வரபதி ஆட்கொண்டான் என்ற சிற்றரசன் துணை நின்றான். பல்லவன் போனான், சிற்றரசனும் போனான். இன்று அந்தச் சுமை தலைக்கட்டு வரியாக ஊர்க் குடும்பங்களின் தோளில் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி, தண்டல் செய்து, கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கிறார்கள். மன்னன் செய்ததை மக்கள் செய்கிறார்கள். இதைவிடச் சிறந்த குடியாட்சிப் பாடம் வேறென்ன வேண்டும்?

ஆனால் தோழர்களே, பாராட்டி முடித்துப் போய்விட இது பாராட்டுக் கட்டுரை அல்ல. இரண்டு கணக்குகள் தீராமல் நிற்கின்றன.

முதற் கணக்கு ஆடுகிறவனுடையது. இரவு முழுதும் கட்டை கட்டி, முடி தரித்து, நெஞ்சு வலிக்கப் பாடி ஆடுகிறவனுக்குக் கிடைப்பது, ஜமாவில் பத்துப் பதினைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் தொகையில் ஒரு பங்கு. விழாக் காலம் முடிந்தால் அவன் கூலி வேலைக்குப் போக வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாடு அடைக்கப்பட்டது. அடைத்த காலம், சரியாக அவனுடைய அறுவடைக் காலம்! அடுத்த ஆண்டுக் கோடையும் அப்படியே பறிபோயிற்று. நமக்கு இலவசமான கலை, அவனுக்குப் பட்டினியாக முடியலாமா? நலிந்த கலைஞருக்கு இயல் இசை நாடக மன்றத்தின் மூலம் அரசு மாத உதவித்தொகை தருகிறது. அது வேண்டியதே. ஆனால் நலிந்த பின் தரும் உதவியைவிட, நலியாமல் காக்கும் கூலியே சிறந்தது. பேசிய தொகையை, அவன் முகத்து அரிதாரம் கலையும் முன் கையில் வைப்பதுதான் ஊருக்கு அழகு. ஒளவையை வாசலில் நிறுத்தாதீர்கள்!

இரண்டாம் கணக்கு இன்னும் பெரியது. வரி கொடுப்பவன் ஊர்க்காரன், சரி. வரியே வாங்க மறுக்கப்படுகிறவன் யார்? சில ஊர்களில் சேரியின் பணத்தை வாங்குவதில்லை. கேட்டால், "அவர்களுக்குச் சலுகை" என்பார்கள். சலுகையா அது? வரியை வாங்கினால் உரிமை வந்துவிடுமே என்ற அச்சம் அது! வாங்காத வரியால் விழாவில் இடம் மறுக்கிறார்கள். சீட்டு இல்லாத கொட்டகைக்குச் சாதியையே சீட்டாக்கி விடுகிறார்கள்.

கற்பனையாகச் சொல்லவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பாரதத்தின் நாயகியான அதே திரௌபதி அம்மன் கோயிலில், 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது பட்டியல் சாதி மக்கள் உள்ளே வரக்கூடாதென்று தடுக்கப்பட்டனர். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை நடந்தது. 2025 ஏப்ரலில், போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். ஒரு வாசற்படியைக் கடக்க இரண்டு ஆண்டுகள்! தொலைவில் நடந்தது என்று தருமபுரிச் சீமை மூச்சு விட்டுக்கொள்ள முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் ஏழைகளின் வீடுகள் எரிந்தது இந்த மாவட்டத்தில்தான்.

கூத்திலே நாம் விடிய விடியப் பார்ப்பது என்ன கதை? பங்கு கேட்டுத் தூது வந்தபோது, ஐந்து ஊரும் இல்லை, ஐந்து வீடும் இல்லை, ஊசி முனை அளவு நிலமும் இல்லை என்று மறுத்தானே துரியோதனன், அவன் கதை! அந்த மறுப்புக்காகத்தான் குலமே அழிந்தது. அந்த மறுப்பைக் கண்டு பல்லைக் கடிக்காதவர் கொட்டகையில் எவருமில்லை. அப்படியிருக்க, அதே கொட்டகையில் ஒரு தெருவுக்குப் பாய் விரிக்கும் இடம் இல்லை என்பவர் யார்? படுகளத்தில் மண் துரியோதனனை வீழ்த்திவிட்டு, மனத்துத் துரியோதனனை வீட்டுக்கு அழைத்துச் செல்வதா?

ஆகவே, ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்கிறோம். இந்த ஆண்டு வரிப் புத்தகம் திறக்கும்போது எல்லாத் தெருவின் பெயரும் அதில் ஏறட்டும். எல்லார் பணமும் ஒரே தட்டில் விழட்டும். எல்லார் பாயும் ஒரே மண்ணில் விரியட்டும். பிரசங்கம் நடக்கும் பகலில் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வந்து முன்னே உட்கார வைக்கட்டும். ஆடியவனுக்கு விடிந்ததும் கூலி கிடைக்கட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வரி தண்டப் போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். போகும்போது எந்தத் தெருமுனையில் திரும்பி வந்துவிடுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த முனையைத் தாண்டி நடங்கள். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, கூத்து வரி" என்று கேளுங்கள். அந்த வீட்டுக்காரி நீட்டும் காசு சிறிதாக இருக்கலாம். அது சேர்ந்த பிறகுதான் விழா ஊர்ப்பொது ஆகும்.