ஐரோப்பாவின் ஆயுதக் கிட்டங்கியில் சரக்கு இருக்கிறதா?

ஐரோப்பிய நாடுகள் ராணுவத்துக்குப் பணத்தைக் கொட்டுகின்றன என்று செய்தித்தாள்களில் படித்து வருகிறோம். 2025 ஜூன் மாதம் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035ஆம் ஆண்டுக்குள் தங்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக ஒப்புக்கொண்டன. இதில் மூன்றரை சதவீதம் நேரடி ராணுவச் செலவு. மீதி ஒன்றரை சாலை, பாலம் போன்ற துணை ஏற்பாடுகளுக்கு. ஸ்பெயின் மட்டும் அவ்வளவு நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டது. இத்தனை வசதி இருந்தும், ஒரு பெரிய படையெடுப்பு வந்தால் ஐரோப்பா தாங்குமா என்ற கேள்வி ஓயவில்லை. பணக்கார தேசங்களுக்கு இந்தச் சந்தேகம் ஏன் என்று நம்மில் பலர் கேட்கிறோம்.

கல்லாவில் பணம் இருப்பது வேறு, கிட்டங்கியில் சரக்கு இருப்பது வேறு. இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் இனிப் பெரிய யுத்தம் வராது என்று ஐரோப்பா முடிவு கட்டியது. இருப்பு வைப்பது வீண் செலவு என்ற எண்ணம் வந்தது. ஜெர்மனி 2011இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு நெதர்லாந்து தன் டாங்கிப் படையையே கலைப்பதென்று தீர்மானித்தது. அந்த டாங்கிகளில் 100ஐ 2014இல் வாங்கிக்கொண்ட நாடு பின்லாந்து. நெதர்லாந்து 2025இல் 46 புது டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. மலிவாய் விற்றதையே விலை கூடியபின் திரும்ப வாங்கும் கதை நம் கடைவீதிக்குப் புதிதல்ல.

2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தபோது மணி அடித்தது. 2 சதவீதம் செலவிடுவோம் என்று நேட்டோ நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்த ஆண்டு 28 நாடுகளில் அந்த அளவை எட்டியிருந்தவை மூன்றுதான். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. தம் படை ஏறக்குறைய வெறுங்கையாக நிற்கிறது என்று ஜெர்மன் தரைப்படைத் தளபதி அல்ஃபோன்ஸ் மைஸ் அன்றைக்கே வெளிப்படையாக எழுதினார்.

பீரங்கிக் குண்டு விஷயத்தைப் பார்த்தால் முழு நிலவரமும் விளங்கும். உக்ரைன் சுடும் வேகம் நேட்டோ நாடுகளின் தயாரிப்பு வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்றார் அப்போதைய நேட்டோ பொதுச்செயலாளர் ஸ்டோல்டன்பர்க், 2023 பிப்ரவரியில். பெரிய ரகக் குண்டுகளுக்கு முன்பு 12 மாதமாக இருந்த காத்திருப்பு 28 மாதமாகிவிட்டது என்றும் சொன்னார். அதாவது, ஆர்டர் கொடுத்தால் சரக்கு கைக்கு வர இரண்டேகால் வருடத்துக்கு மேல். அடுத்த மாதம் ஐரோப்பிய யூனியன், ஓராண்டுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக அறிவித்தது. வாய்தா முடிந்த 2024 மார்ச்சில் தந்தது ஏறக்குறைய பாதிதான்.

பணம் கொடுத்தும் சரக்கு ஏன் வரவில்லை? ஒரு 155 மில்லிமீட்டர் குண்டுக்கு இரும்பு உடல், உள்ளே வெடிமருந்து, நுனியில் வெடிப்பான், பின்னால் தள்ளிவிடும் மருந்து என நான்கு உருப்படி வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வெறும் இரும்புக்கடைச் சாமான்தான். உள்ளே அடைக்கும் டி.என்.டி.யைப் பெருமளவில் தயாரிக்கும் ஆலை என்று போலந்தின் நைட்ரோகெம் ஆலையைத்தான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். தள்ளும் மருந்துக்கு மூலப்பொருள், அரைவை முடிந்தபின் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு. லின்டர் என்று பஞ்சு வியாபாரிகள் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குச் சீனாவிலிருந்து போகிறது. யுத்தத்துக்கு மருந்து, பருத்திக்கொட்டையிலிருந்து! எங்கே போய் முடிச்சு விழுந்திருக்கிறது பாருங்கள்.

ஆலைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முப்பது வருடம் ஆர்டர் இல்லாதபோது யார் இயந்திரத்தையும் ஆட்களையும் சும்மா வைத்துச் சம்பளம் கொடுப்பார்? உறுதியான நீண்டகால ஆர்டர் வந்தபின் வேலை நடக்கிறது. ஜெர்மனியின் ரைன்மெட்டல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஆலையை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. 2027இல் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குண்டுகள் தயாரிப்பது திட்டம்.

சரக்கு இருந்தாலும் போய்ச் சேர வேண்டும். எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் ரயில் பாதை ரஷ்யக் காலத்து 1520 மில்லிமீட்டர் அகலம். போலந்து முதல் மேற்கே பெரும்பாலும் 1435. எல்லையில் இறக்கி ஏற்ற வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் மூட்டை மாற்றி ஏற்றிய மூத்த வியாபாரிகளுக்கு அந்தத் தாமதமும் சேதாரமும் நினைவிருக்கும். ரயில் பால்டிகா என்ற புதுப்பாதையை 2030இல் முடிப்பதாகச் சொல்கிறார்கள். உளவு செயற்கைக்கோள், வானில் எரிபொருள் நிரப்பும் விமானம் போன்றவற்றுக்கு அமெரிக்காவை நம்பியிருப்பது இன்னொரு பெரிய குறை.

எல்லா நாடும் ஒன்றல்ல. போலந்து 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. பின்லாந்தின் கணக்கு இன்னும் அழகு. 1939இல் சோவியத் படையெடுப்பைச் சந்தித்த அந்த நாடு, ரஷ்யாவுடன் 1,340 கிலோமீட்டர் எல்லையை வைத்துக்கொண்டு ஒருநாளும் இருப்பைக் கைவிடவில்லை. மக்கள்தொகை சுமார் 56 லட்சம். யுத்தம் வந்தால் 2,80,000 பேரைப் படைக்குத் திரட்ட முடியும். 50,500 பதுங்கிடங்களில் 48 லட்சம் பேருக்கு இடம் உண்டு. குறைந்தது ஆறு மாதத் தேவைக்கான தானியத்தை அரசு இருப்பு வைத்து, பழையதை விட்டுப் புதியதைச் சேர்த்து வருகிறது. இந்தச் செலவுக்கென எரிபொருள், மின்சாரத்தின் மீது ஒரு சிறு கட்டணம் வசூலாகிறது. இதை முடங்கிய முதல் என்று நாம் சொல்ல மாட்டோம்.

பக்கத்து நாடான ஸ்வீடன் பழைய இருப்புகளையெல்லாம் கலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. 2024 நவம்பரில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு சிறு புத்தகம் அனுப்பியது. ஒரு வாரத்துக்குத் தண்ணீர், கெடாத உணவு, பேட்டரி ரேடியோ வைத்துக்கொள்ளச் சொல்கிறது அது. கார்டு தேய்த்தே பழகிவிட்ட அந்த மக்களிடம், ஒரு வாரச் செலவுக்கு ரொக்கமும், அதுவும் பெரிய நோட்டும் சின்ன நோட்டும் கலந்து, வீட்டில் இருக்கட்டும் என்கிறது. மின்சாரம் போன நாளில் மளிகைக் கடைக்காரர் சில்லறைக்கு எங்கே போவார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.